முக்கால் மூடி மருந்து

"நான் சொல்றத முழுசா கேளு, அப்பால—"

"கேட்டுகினுதான வரேன். வூட்ல கேட்டேன், பஸ்ல கேட்டேன், இப்ப சார் எதிர்லயும்—"

"அந்தக் குட்டையானதுக்கு இன்னா கொறச்சல்? பின்னாடி பாரு, எவ்ளோ தடியா—"

"தடியா வேணும்னா உலக்கைய வாங்கிக்கோ. துப்பாக்கின்னா குழலப் பாக்கணும்மே, குழல!"

"குழல நீ பாரு. கன்னத்தாண்ட வர்றத நான் பாக்கறேன்."

செங்கல்பட்டு ரயிலடிக்குப் போகும் வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தத் துப்பாக்கிக் கடை. கடைக்காரர் பார்த்தசாரதி இரண்டு துப்பாக்கிகளையும் சாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தார். இரண்டுமே வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம். ரூத்துக்குக் கிடைத்த பயிர்க்காவல் லைசென்ஸுக்கு அதில் ஒன்றுதான் வாங்கலாம். நிலம் அவள் பேரில் இருந்ததால் லைசென்ஸும் அவள் பேரில். புருஷன் ஸ்டான்லியைக் காவலாள் என்று சேர்த்திருந்தார்கள். பிறத்தியார் கழனியில் நாற்று நட்டே காலம் தள்ளிய குடும்பத்தில் அதுதான் முதல் சொந்தக் கொல்லை. அதில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். போட்ட கடலையைத் தோண்டித் தின்னக் காப்புக்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின.

"இந்த நீளமானது குறி தப்பாது," என்றார் பார்த்தசாரதி. "உள்ள புரி வெட்டியிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, முறுக்கு பிழிஞ்சாப்ல சுத்திச் சுத்திப் போகும். அதுல குண்டு சுழண்டுகிட்டே போறதால நேரா போகும். குட்டையானது உள்ள வழவழன்னு இருக்கும். சத்தம் போட்டு விரட்டறதுக்கு அது போதும்."

"விரட்டத்தான சார் லைசென்ஸு?" என்றாள் ரூத். "சுடக்கூடாதுன்னுதான சொல்லிகீறாங்க?"

"அது உன்ன பாத்து ஓடி வந்தா இன்னா பண்ணுவ? லைசென்ஸ காட்டுவியா?" என்றான் ஸ்டான்லி.

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. போன மாதம் பக்கத்துக் கொல்லைக்காரன் சின்னராசுவை வரப்பிலேயே வைத்துப் பன்றி குத்தியது. அலறல் கேட்டு முதலில் ஓடியவன் ஸ்டான்லிதான். தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தான். அன்றைக்குப் போட்டிருந்த கம்பெனிச் சட்டையை ரூத் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள், பிறகு அடுப்பில் போட்டுவிட்டாள்.

"அம்மா கேக்கறதும் சரிதான்," என்றார் பார்த்தசாரதி. "நீளமானதுல பின்பக்கம் ஒரு தரம் பத்தவச்சு ரிப்பேர் பண்ணியிருக்கு. அளவா மருந்து போட்டா நமக்கப்புறமும் இருக்கும். அளவு மீறினா முன்னால போக வேண்டியது பின்னால வரும்."

"பின்னால வரும்னா?"

"கண்ணுக்கு வரும்மா. கைக்கு வரும்."

ஸ்டான்லி சிரித்தான். "இன்னா சார், விக்கற ஆளு இப்டியா பேசுவீங்க?"

"வித்துட்டு சாவு வீட்டுக்கு வர்றத விட இப்பவே பேசிடறது மேல் தம்பி."

கடைசியில் நீளமானதைத்தான் வாங்கினார்கள். ரூத் தோற்றதற்குக் காரணம், சின்னராசுவின் தொடையை அவளும் பார்த்திருந்ததுதான். ஒரே குண்டில் விழவேண்டும், இல்லாவிட்டால் சுடவே கூடாது என்று ஸ்டான்லி சொன்னபோது அவள் சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

சாக்கில் சுற்றிக் கொடுக்கும்போது பார்த்தசாரதி இரண்டு பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். பேச்சு இப்போது ரூத்தைப் பார்த்துத்தான் நடந்தது.

"கெட்டிச்ச உடனே குதிரைமேல, கேப்ப அடிக்கற இந்தச் சுத்திமேல, ஒரு துணியக் கட்டிடணும். துணி இருந்தா உள்ள மருந்து இருக்கு, துணி இல்லன்னா காலி. ஒரு வீட்ல ரெண்டு பேர் தொடற துப்பாக்கின்னா இது இல்லாம ஆகாது. அப்புறம் இந்த மரக்கம்பி. காலிக் குழல்ல விட்டா எதுவரைக்கும் இறங்குதோ அங்க சிவப்பா ஒரு கோடு போட்டிருக்கேன், பாருங்க. கோடு வெளிய நின்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"துணி, கோடு," என்று ரூத் திருப்பிச் சொன்னாள்.

"இன்னொண்ணு. மருந்தப் பத்தவைக்கற இந்தச் சின்ன கேப்பு வெடிச்சும் மருந்து பிடிக்கலன்னா உடனே திருப்பிப் பாக்காதீங்க. சில சமயம் உள்ள புகைஞ்சுகிட்டே இருந்து அப்புறம் பிடிக்கும். உங்க பக்கம் கடல் காத்து வேற. கேப்பு நமத்துப் போகும்."

பஸ்ஸில் துப்பாக்கி இருவருக்கும் நடுவில் நின்றது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் ரூத் அதன் வாயைக் கையால் ஜன்னல் பக்கம் தள்ளினாள்.

"காலிமே அது."

"இருக்கட்டும்."

முதல் வெடியை ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து வைத்தார்கள். இடிந்த செங்கல் சூளை ஒன்று கொல்லைக்குப் பின்னால் இருந்தது. அதன் சுவரில் ஸ்டான்லி சுண்ணாம்பால் ஒரு பன்றி வரைந்தான்.

"இது இன்னா அண்ணாத்த, ஆடா?" என்று வேண்டா கேட்டாள். சின்னராசுவின் மனைவி. புருஷன் கட்டிலில் கிடக்க, வேடிக்கை பார்க்க இவள் வந்துவிட்டாள்.

"பன்னி."

"எங்க வூட்டு ஆள குத்துனது இத மாரி இல்ல. இதுக்கு அவரே திருப்பிக் குத்தியிருப்பாரு."

பழைய துப்பாக்கியின் முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுடக்கூடாது என்று ரூத் பிடிவாதம் பிடித்தாள். கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து, அதில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் சணல் கயிறு போட்டு, தள்ளி ஒரு செங்கல் குவியலுக்குப் பின்னால் மூன்று பேரும் குந்திக்கொண்டார்கள். "கர்த்தாவே" என்று ரூத் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டான்லி இழுத்துவிட்டான். கட்டில் ஒரு துள்ளுத் துள்ளிப் புரண்டு விழுந்தது. புகை கலைந்த பிறகு எழுந்து பார்த்தால் பன்றிமேல் ஒரு பொட்டு அடையாளம் இல்லை.

"கட்டிலுக்குத்தான் அடி," என்றாள் வேண்டா.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலையாக இருந்தது. ஸ்டான்லி மருந்தை உள்ளங்கையில் கொட்டி, இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கணக்கில் போடுவான். ஒரு வெடி பன்றியின் காதுக்கு மேலே போகும், அடுத்தது வாலுக்குக் கீழே மண்ணைக் கிளப்பும்.

"கையாலயா அளப்பாங்க? கை ஒரு நாளைக்கு வேர்த்துகீது, ஒரு நாளைக்கு காஞ்சிகீது," என்றாள் ரூத். இருமல் டானிக் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கொண்டு வந்தாள். அதில் உள்பக்கம் கோடு கோடாக அளவு இருந்தது.

"மருந்துக்கு மருந்து மூடியா?"

"சிரி. அப்பால பாரு."

அவள் பொறுமையாகச் செய்தாள். முதலில் முழு மூடி. பிறகு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒவ்வோர் அளவுக்கும் சில வெடிகள் வைத்து, சுவரில் விழுந்த ஓட்டைகளைக் கரிக்கட்டியால் வட்டம் போட்டாள். முழு மூடியில் ஓட்டைகள் மழை விழுந்தாற்போலச் சிதறிக் கிடந்தன. அரை மூடியில் குண்டு போய்ச் சேர்வதற்குள் தாழ்ந்துவிட்டது. முக்கால் மூடியில் மூன்று ஓட்டைகளும் பன்றியின் தோளில் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கின.

"அடியே," என்றாள் வேண்டா மெதுவாக.

துணியும் ஒரு பாடுதான். குண்டைச் சும்மா போட்டால் புரியில் பிடிக்காது. எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இறக்கினால்தான் இறுக்கமாகச் சுழன்றுகொண்டு வரும். முதலில் அவளுடைய பழைய நைலான் புடவையைக் கிழித்துப் போட்டார்கள். சூட்டில் அது உருகி உள்ளே அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஸ்டான்லிக்கு ஒரு சாயந்திரம் முழுக்க ஆனது. பிறகு தேய்ந்துபோன பருத்தி வேட்டி ஒன்று அகப்பட்டது. நல்ல துணி. அதிலேயே ஒரு நீளத் துண்டைக் கிழித்துக் குதிரைக்குக் கட்டும் அடையாளத் துணியாகவும் வைத்துக்கொண்டார்கள்.

முக்கால் மூடி ஸ்டான்லிக்குப் பிடிக்கவில்லை. தோளில் இடியே இல்லையே என்றான். ரூத் இல்லாத நேரத்தில் கூடப் போட்டுச் சுட்டுப் பார்த்தான். சட்டையைக் கழற்றும்போது தோளில் கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா இது?"

"கம்பெனில இடிச்சிகினேன்."

"கம்பெனில துப்பாக்கிக் கட்டை சைஸுக்கு இன்னா கீது? இங்க வா. கேப்பு வைக்கற எடத்தப் பாரு. சுத்தி கருப்பா புகை அடிச்சிகீது. ரிப்பேர் பண்ண எடம் அது. நம்ம மூஞ்சி எங்க வருதுன்னு பாரு!"

"முக்கால் மூடி பன்னிக்கு கொசு கடிச்சாப்லமே. அடி வாங்கிகினு அது நேரா நம்மளப் பாத்துதான் வரும். நீ தூக்கினு ஓடினியா சின்னராச? என் முதுகு வழியா ரத்தம் ஊத்திச்சி. சூடா. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன் ரத்தம் அப்டி ஊத்தறத பாக்க என்னால முடியாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேண்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததை ரூத் கவனிக்கவில்லை. "பன்னின்னா உனக்கு தொடை நடுங்குது. அந்தப் பயத்துல மருந்த அள்ளி அள்ளிக் கொட்ற," என்று சேர்த்துச் சொல்லிவிட்டாள். வேண்டா களுக்கென்று சிரித்தாள்.

ஸ்டான்லி துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை.

ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல. "இந்த செம்புல தண்ணி இல்ல போலகீது," என்று அவன் செம்பிடம் சொல்வான். "செம்புக்கு கை இல்ல, பானைக்குப் போய் மொண்டுக்கச் சொல்லு," என்று அவள் பானையிடம் சொல்வாள். காலை நாஸ்தாவை மூடி வைத்துவிட்டு அவள் கொல்லைக்குப் போய்விடுவாள். அவன் தின்றுவிட்டு மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் வேறு. போதகர் பொறுமையைப் பற்றி நீளமாகப் பேசியபோது இருவரும் வேறு வேறு தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயந்திரம் ஸ்டான்லி கையில் பளபளவென்று ஒரு எஃகுக் கம்பியோடு வந்தான். கம்பெனி லேத்தில் கடைந்து வாங்கியது. மரக்கம்பி உடைந்துபோகும், இது உடையாது என்று வாசலில் கிடந்த நாய்க்கு எடுத்துச் சொன்னான். பழைய மரக்கம்பியை எடுத்து அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்தான். புதியது பழையதைவிட நீளம், அதில் சிவப்புக் கோடு இல்லை. 'ஒரு கோடு போட்டுடு' என்று ரூத்தின் வாய்வரை வந்தது. முதலில் அவன் பேசட்டும் என்று விழுங்கிவிட்டாள்.

பங்குனி பிறந்து கடலை பிடுங்கும் பருவம் நெருங்கியது. அன்று மத்தியானம் ரூத் கொல்லைக்குப் போனபோது, மேட்டுப் பக்கம் செடிகள் வேரோடு புரட்டிப் போடப்பட்டிருந்தன. மண் இன்னும் ஈரமாக இருந்தது. மூன்று விரல் அகலக் குளம்புத் தடம் ஒன்றும், சின்னச் சின்னத் தடங்கள் பலவும். குட்டிகளோடு வந்திருக்கிறது. குட்டியோடு வருவது ஒதுங்கிப் போகாது. இருட்டுவதற்கு முன்பே திரும்பி வரும், இன்றைக்கே வரும்.

ஸ்டான்லி ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். இந்தத் தடத்தைப் பார்த்தால் என்ன செய்வான்? மருந்து டப்பாவைச் சாய்ப்பான். மூடியும் பார்க்க மாட்டான், கோடும் பார்க்க மாட்டான்.

'நானே கெட்டிச்சு வச்சிட்டா?' என்று தோன்றியது. முக்கால் மூடி போட்டுத் தயாராக மாட்டி வைத்தால், வந்தவன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான். அவள் சொல்லவும் வேண்டாம், அவன் கேட்கவும் வேண்டாம். துணி சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்து மூடியில் மருந்தை அளந்தாள். விரலால் தட்டித் தட்டி முக்காலில் நிறுத்தினாள். குழலில் கொட்டினாள். குண்டைச் சுற்றத் துணி தேடினால் வேட்டித் துண்டு எல்லாம் தீர்ந்து போயிருந்தது. பெட்டியில் நைலான்தான் கிடந்தது. தலையணை உறைகூட டெரிகாட்டன். கடைசியில் துப்பாக்கி மாட்டும் ஆணியில் தொங்கிய அடையாளத் துணியைப் பார்த்தாள். அதே வேட்டி, அதே பருத்தி. அதிலிருந்து குண்டுக்கு வேண்டியதைக் கத்தரித்து, விளக்கெண்ணெய் தடவி, குண்டைச் சுற்றி வாயில் வைத்து அழுத்தினாள். எஃகுக் கம்பியால் இடித்தாள். ஜில்லென்று கனமாக இருந்தது அந்தக் கம்பி.

மிச்சத் துணி குதிரையைச் சுற்றிக் கட்ட எட்டவில்லை. அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு ஏதாவது கிழித்துக் கட்டலாம் என்று எழுந்த நேரத்தில்தான் வெளியே சத்தம்.

"கரண்ட்டு வந்துகீது! ரூத்தக்கா! மூணு பேஸும் வந்துகீது!"

பங்குனி வெயிலில் மோட்டார் ஓட்டும் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கல்பாக்கத்திலிருந்து கிளம்பும் பெரிய கம்பிகள் தலைக்கு மேலேதான் போகின்றன. கீழே நிற்கிற கடலைச் செடிக்குத் தண்ணீர் இல்லை. கரண்ட் வந்தது என்றால் சோறு தின்கிறவர்கள் கையைக் கழுவாமல் ஓடுவார்கள். ரூத் துப்பாக்கியை ஆணியில் மாட்டினாள், ஓடினாள்.

மோட்டார் கொட்டகை கொல்லையின் மேற்குக் கோடியில் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இரைந்தது, தண்ணீர் வந்தது. மண்வெட்டியால் மடை திருப்பினாள். ஒரு பாத்தி நிறைந்தால் அடுத்தது. ஒரு இடத்தில் வரப்பு உடைத்துக்கொண்டது. அதை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. துணியைப் பற்றிய நினைப்பு தண்ணீரோடு போய்விட்டது.

வேண்டா வரப்பில் வந்தாள். மோட்டார் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"யக்கா! உங்கூட்டுக்காரு துப்பாக்கிய தூக்கினு மோட்டுக் கொல்லைக்குப் போறாரு! பன்னி எறங்கிகீதாம். எங்க வூட்டு ஆளு கட்டில்ல குந்திகினே பாத்துட்டு கத்தறாரு!"

"போவட்டும்," என்று ரூத் கத்தினாள். "நான் கெட்டிச்சிதான் வச்சிகீறேன்!"

"இன்னாது?"

"கெட்டிச்சி வச்சிகீறேன்னேன்!"

வேண்டா கிட்டே வந்தாள். "நீ எங்க கெட்டிச்ச? அவருதான வாசல்ல குந்திகினு இடி இடின்னு இடிச்சாரு."

"எத?"

"துப்பாக்கியத்தான். அந்த புதுக் கம்பியில. மருந்த கொட்னாரு பாரு, 'இன்னா அண்ணாத்த, அடுப்புக்கு உமி தள்றாப்ல தள்ற'ன்னு கேட்டேன். 'உங்கக்காகிட்ட சொல்லாத'ன்னாரு. நீ வேற இவரோட பேசறதில்ல, நான் எதுக்கு நடுவுல—"

ரூத் தன் இடுப்பைத் தொட்டாள். விரலில் துணி பட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரு பக்கம் கத்தரித்த துண்டு. அவன் குதிரையைப் பார்த்திருப்பான். துணி இல்லை. துணி இல்லையென்றால் காலி. இருவரும் சேர்ந்து பழகிய பழக்கம், அவன் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். கம்பியை விட்டபோது அது வெளியே நீண்டு நின்றிருக்கும். புதுக் கம்பி, கோடு இல்லாத கம்பி, நீளமாகத்தானே இருக்கும் என்று நினைத்திருப்பான். அவளுடைய முக்கால் மூடிக்கும் குண்டுக்கும் மேலே, அவனுடைய கை நிறைய மருந்தும் இன்னொரு குண்டும். பத்தவைத்த இடத்தை ஒட்டி அவன் கன்னம்.

"யக்கா, ஏன் இப்டி ஆயிட்ட? மூஞ்சியப் பாரு—"

ரூத் கொட்டகைக்குள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

"ஐயோ! கரண்ட்டு இருக்கச்சே மோட்டார நிறுத்தறியே! பைத்தியமா உனக்கு?"

மோட்டார் முனகி அடங்கியது. அந்த அமைதியில் மேட்டுக் கொல்லைப் பக்கமிருந்து பன்றியின் உறுமல் தெளிவாகக் கேட்டது. ரூத் ஓடினாள். பாத்திகளுக்குக் குறுக்கே, அவளே பாய்ச்சிய தண்ணீருக்குள் கால் புதையப் புதைய ஓடினாள்.

ஸ்டான்லி தெரிந்தான். வெட்டிப்போட்ட பனந்துண்டு ஒன்றின்மேல் குழலைச் சாய்த்து, முழங்கால் போட்டு, கன்னத்தைக் கட்டையோடு ஒட்டவைத்துக் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அவனுக்கு அந்தப் பக்கம் கடலைச் செடிகளுக்கு நடுவில் கருப்பாக ஒரு முதுகு. அது தலையைத் தூக்கியது.

"ஸ்டான்லி! சுடாத!"

காற்று எதிர்க்காற்று. பாதிச் சத்தத்தை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. ஆனாலும் அவனுக்குக் கேட்டது. திரும்பாமலேயே இடது கையைப் பின்னால் நீட்டி, போ என்று ஆட்டினான். சுடாதே என்று அவள் சொல்வது புதிதா என்ன? கடையில் சொன்னாள், சூளையில் சொன்னாள். அந்தச் சொல்லை அவளே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டாள்.

"பன்னிக்காக சொல்லலய்யா! துப்பாக்கி! துப்பாக்கில—"

கால் மடையில் மாட்டியது. குப்புற விழுந்தாள். வாய் முழுக்கச் சேறு. தலையைத் தூக்கிய அதே நொடியில் அந்தச் சத்தம் வந்தது.

டிக்.

சின்னச் சத்தம், சுள்ளி ஒடிந்தாற்போல. ரூத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. மூடிய கண்ணுக்குள் கட்டில் துள்ளிப் புரண்டது.

கண்ணைத் திறந்தாள். அவன் அப்படியே இருந்தான். முகம் முழுதாக இருந்தது. கேப்பு நமத்துப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் உள்ளே இந்நேரம் புகைந்துகொண்டிருக்கிறது. எது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? அவன் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணைப் பன்றியிடமிருந்து எடுக்கவில்லை. வலது கை மட்டும் சட்டைப் பைக்குள் போய்த் துழாவியது. அடுத்த கேப்பு.

"வேணாம்!" பின்னாலிருந்து வேண்டாவும் கத்தினாள், என்ன ஏது என்று தெரியாமலே. "அண்ணாத்த, அக்கா இன்னாவோ சொல்லுது பாரு!"

பன்றி இரண்டடி முன்னால் வந்தது. குட்டிகள் அதன் பின்னால் ஒதுங்கின. ஸ்டான்லியின் விரல் குதிரையருகே போய் எதையோ அழுத்தி வைத்தது. அவன் தோள் லேசாக நடுங்குவதை அவ்வளவு தூரத்திலிருந்தும் ரூத் பார்த்தாள். பயம்தான். அவள் கேலி செய்தாளே, அதே பயம். சின்னராசுவின் ரத்தம் சூடாக இறங்கிய முதுகு அது.

அவள் மண்டியிட்டு எழுந்தாள். இடுப்பிலிருந்து அந்தத் துணியை உருவித் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை.

"துணி என்கிட்ட கீது! பாரு! கெட்டிச்சிட்டு கட்டாம வந்துட்டேன்! நீ கெட்டிச்சதுக்கு அடியில நான் கெட்டிச்சது கீது! ரெண்டு மருந்து, ரெண்டு குண்டு! ஸ்டான்லி!"

அவன் முதுகு அசையாமல் நின்றது. அவள் சொன்னது காற்றைத் தாண்டிப் போனதா, இல்லை இவளோடு பேசுவதில்லை என்ற வைராக்கியத்தில் மோதி நின்றதா, தெரியவில்லை. குதிரை பின்னால் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரூத் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். ஓடினால் அவன் திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவானோ என்று ஓடவும் பயமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, இத்தனை நாளும் செம்புக்கும் பானைக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை அவனுக்கே சொன்னாள்.

"உன் பேச்சு உன்னோடயே இருக்கட்டும்யா, என்னோட பேசவே வேணாம், கேப்ப எடுத்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்த மட்டும் சொல்லு!"